காகிதத்தில் எரிகிற தெரு

நகரசபை விளக்குப் பிரிவின் மேற்பார்வையாளரும், என் ஒரே மகளைக் கட்டியவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் வாயால் சொல்ல, என் மருமகள் கையால் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் மாமியாரும் சுகம். சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் சுகம். ஏழு மணிக்கு மேல் யார் சுகம், யார் சுகமில்லை என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்விடம் நீங்களும் என் மகளும் பேரப்பிள்ளைகளும் நல்ல வெளிச்சத்தில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கத்தானே செய்வீர்கள், சுவிட்சு உங்கள் கையில் அல்லவா இருக்கிறது.

எங்கள் தெருவுக்கு விளக்கு வந்த வருஷம் எது என்பதற்கு உங்கள் ஆபீசில் ஓர் எண் எழுதி வைத்திருப்பார்கள். எனக்கு எண்ண வரும், எழுதிய எண்ணைப் படிக்க வராது. ஆனால் வருஷம் தெரியும். ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், இந்தக் கரையில் பள்ளிக்கூடமும் அந்தக் கரையில் வாத்தியார்களும் மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் நாற்பது நாள் சந்தோஷமாக இருந்த வருஷம். இப்போதைய ரொட்டிக் கடைக்காரரின் அப்பா அடுப்பைப் பற்றவைக்கப் போய் மீசையைப் பற்றவைத்துக்கொண்ட வருஷம். நூல் ஆலையில் இரண்டாவது ஷிப்டு ஆரம்பித்த வருஷம். உங்கள் சம்சாரம் அவள் அம்மா வயிற்றில் ஆறு மாதம். அந்த வருஷம், மழை நின்ற மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் ஸ்டாப் ஓரத்தில் முதல் குழியை வெட்டினோம். வெட்டினோம் என்றால் நாலு பேர். மேஸ்திரி, நெட்டையன், பாட்டுக்காரன், நான். பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்து ஆலை வாசல் வரைக்கும் இருபத்தெட்டுக் கம்பம். மூன்றாவது குழியில் பாறை வந்தது, இரண்டு நாள் உடைத்தோம். எட்டாவது கம்பம் நெட்டையன் கால் கட்டைவிரல் மேல் உட்கார்ந்தது. அன்றைக்கு அவன் சொன்ன வார்த்தைகளை மருமகள் கையால் எழுதவைக்க முடியாது. இத்தனை வருஷத்தில் ஒரு கம்பம் சாய்ந்ததா? ஒன்று ஆடியதா? இல்லை. வேலை என்றால் அது வேலை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தத் தெருவில் எந்தக் கம்பம் எங்கே நிற்கிறது என்று எனக்கு உங்கள் ஆபீஸ் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆலை மூடியது உங்களுக்கும் தெரியும். மூடியபின் அந்தப் பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, இப்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து பதினாலு கம்பம் வரைக்கும்தான் மனுஷர். அதற்கப்புறம் பதினாலு கம்பத்துக்குக் கீழே முள்ளும் புல்லும், ஒரு துருப்பிடித்த கேட்டும். அதனால்தான் போன மாதம் நகரசபை எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும், தெரு விளக்கைக் குறைக்கலாமா, அணைக்கலாமா, உங்கள் கருத்து என்ன என்று கேட்டபோது, நான் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் மேடையில் இருந்தீர்கள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தீர்கள். அது உத்தியோக மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கருத்தா அது? ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கதையைக் கருத்து என்று சொன்னார்கள். ரிட்டையர் ஆன தலைமையாசிரியர் எழுந்து, தெரு விளக்கால் நட்சத்திரமே தெரிவதில்லை, மொத்தத்தையும் அணையுங்கள் என்றார். டார்ச் கடைக்காரர் உடனே எழுந்து, "சார் சொல்றதுதான் சரி, நட்சத்திரம் ரொம்ப முக்கியம்" என்றார். அந்த ஆள் வாழ்க்கையில் அண்ணாந்து பார்த்ததே கடையில் ஒட்டடை அடிக்கும்போதுதான். ரொட்டிக் கடைக்காரர், "அணைச்சா திருடன் வருவான்" என்றார். தலைமையாசிரியர், "வெளிச்சம் இருந்தா மட்டும் அவன் வெக்கப்பட்டுத் திரும்பிடுவானா?" என்றார். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா, "நீங்க எதை வேணா அணைங்கய்யா, பஸ்ஸு விட்டு எறங்கி வர்ற பொம்பளைங்களைக் கேட்டுட்டு அணைங்க" என்றார். இதைத்தான் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்; இதை எழுதும்போதுதான் மேடையில் குறிப்பெழுதிய உங்கள் ஆளின் பேனாவில் மை தீர்ந்தது. கடைசியில் நான் எழுந்தேன். "ஆளில்லாத பக்கம் அணைங்க, ஆள் இருக்கிற பக்கம் தொடாதீங்க" என்றேன். ஒரே கைதட்டல். சபைத் தலைவியம்மாவே, "பெரியவர் சொன்னதுதான் நியாயம்" என்றார்கள். உங்கள் ஆள் காகிதத்தில் அப்படியே எழுதி, ஒன்று முதல் பதினாலு எரியும், பதினைந்து முதல் இருபத்தெட்டு அணையும் என்று எல்லோர் முன்னாலும் வாசித்தார். நான் கைநாட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் மாமியாரிடம், "மாப்பிள்ளை ஆபீஸ் பரவால்ல, சொன்னாக் கேக்குறாங்க" என்றுகூடச் சொன்னேன். அந்த வார்த்தையை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த திங்கள்கிழமை ஏணி வண்டி வந்தது. இரண்டு பேர், கையில் ஒரு காகிதம். ஏறுவதும், கம்பத்துத் தகட்டைப் பார்ப்பதும், காகிதத்தைப் பார்ப்பதும், ஃப்யூஸைப் பிடுங்குவதும். எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தேன். "என்னப்பா, விளக்கை ரிப்பேர் பண்றீங்களா?" என்றேன். "ஆமா பெரியவரே, அந்த மாதிரிதான்" என்றான் ஒருவன். வெயிலில் வந்தவர்கள் என்று உங்கள் மாமியார் சர்க்கரை கலந்து எலுமிச்சம்பழம் வேறு பிழிந்து கொடுத்தாள். எங்கள் தெருவை இருட்டாக்கியவர்களுக்கு எங்கள் வீட்டுப் பானம். சாயங்காலம் ஏழு மணி அடித்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து பதினாலு கம்பமும் கண்ணை மூடிக்கொண்டன. அதற்கு அந்தப் பக்கம், மனுஷ வாடையே இல்லாத அந்தப் பதினாலும், கல்யாண வீடு மாதிரி ஜகஜ்ஜோதியாக எரிகின்றன. மாடியில் ஏறிப் பார்த்தேன். ஆலைக் கேட்டின் பூட்டில் இருக்கிற துரு இங்கிருந்தே தெரிகிறது. நாலு நாய்கள், ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ராஜாக்கள் மாதிரி படுத்திருக்கின்றன. அந்த நாய்கள் எந்தக் கூட்டத்தில் கருத்துச் சொன்னதென்று எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. நான் முதல் பெஞ்சில்தான் இருந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். முதல் நாளே ரொட்டிக் கடைக்காரர் சைக்கிளில் வர, எதிரே தலைமையாசிரியர் அண்ணாந்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டு வர, சைக்கிளுக்கு ஒதுங்குகிறேன் என்று அவர் போய் அணைந்த கம்பத்திலேயே நெற்றியைக் கொடுத்தார். "சார், நட்சத்திரம் தெரிஞ்சுதா?" என்று ரொட்டிக் கடைக்காரர் கேட்டது எனக்கு வாசல்வரை கேட்டது. இருந்தாலும் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நெற்றியில் வீக்கத்தோடு, "இது கம்பத்தின் குற்றம், இருட்டின் குற்றமல்ல" என்கிறார். எங்கள் கம்பத்தைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று நான் சண்டைக்குப் போய், இப்போது அவர் எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் படித்துக்காட்ட வருவதில்லை. இரண்டாம் நாள் தையல்காரம்மா கடையைச் சாத்திவிட்டு வந்து, இருட்டில் ஒரு வீடு முன்னாலேயே நின்று, எங்கள் பூட்டில் தன் சாவியைப் போட்டு நோண்டியிருக்கிறார். நான் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தேன். உள்ளே உங்கள் மாமியார் ஒற்றையாகத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, "யாரது?" என்றிருக்கிறாள். வெளியிலிருந்து, "நான்தான்." "நான்னா யாரு?" "என் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு என்னையே யாருன்னு கேக்கறியா? யாருடி நீ?" இரண்டு பேரும் முப்பது வருஷச் சிநேகிதம். நான் வந்து சேர்வதற்குள் ஒருத்தியை ஒருத்தி திருடி என்று தெருவுக்கே சொல்லிவிட்டார்கள். தெருவும் ஓடிவந்தது, ஓடிவந்ததில் மூன்று பேர் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டின பள்ளத்தில் விழுந்தார்கள். முதலில் விழுந்தவர் டார்ச் கடைக்காரர். கையில் டார்ச் இல்லை.

உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, உங்க பக்கம் எரியுதுன்னுதான் ரிப்போர்ட்டுல இருக்கு." எரியவில்லை என்றேன். "வாசல்ல ஒரு பல்பு போட்டுக்கங்களேன்." என் வாசல் பல்பு என் மிதியடியைத்தான் காட்டும், மாப்பிள்ளை, பள்ளம் ரோட்டில் அல்லவா இருக்கிறது. அதற்கு நீங்கள், "எதுக்கும் ஒரு தடவை கண் டாக்டரைப் பாத்துருங்க மாமா" என்றீர்கள். அன்புதான். ஆனால் பதினாலு கம்பம் அணைந்தது ஒரு மனுஷனின் இரண்டு கண்ணில் நடந்த விஷயம் என்று ஓர் அதிகாரி முடிவு கட்டலாமா? நேரில் வந்து கேட்கலாம் என்றால், உங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு போட்டுவிடுவீர்கள். சாப்பிட்ட வாயால் திட்ட எனக்கு வராது. அதனால் நீங்கள் வெளிவேலையில் இருக்கிற நாளாகப் பார்த்து உங்கள் ஆபீசுக்கு வந்தேன். ஜன்னல் ஓரத்தில் ஃபைல் மேல் டீ டம்ளர் வைத்திருக்கிற கிளார்க் தம்பி பதிவேட்டைப் புரட்டினார். பகல் பதினொரு மணி. "உங்க தெரு எரியுதே பெரியவரே" என்றார். "எங்கப்பா எரியுது?" என்றேன். காகிதத்தில் விரலை வைத்து, "இங்க. ஒண்ணாம் நம்பர், பஸ் ஸ்டாப். எரியுது. ரெண்டு, எரியுது. மூணு, எரியுது" என்று பதினாலு வரைக்கும் எரித்துக் காட்டினார். "தம்பி, இந்தக் காகிதத்தை எடுத்துட்டு வந்து எங்க தெருவுல கட்டித் தொங்கவிடுங்க, நாங்க அந்த வெளிச்சத்துல நடந்துக்கறோம்" என்றேன். அவருக்குக் கோபம். "நம்பர் எழுதிக் குடுங்க, நம்பர் இல்லாத புகாரை வாங்க மாட்டோம். பதிவேடே தப்புன்னா, கம்பம் நட்டவங்க யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க" என்றார். நான் நெஞ்சைத் தட்டி, "நட்டது நாங்கதான்யா! எங்க வேலையில தப்பு இருக்காது. தப்பு உங்க காகிதத்துல" என்றேன். வரிசையில் நின்றவர்கள்கூட, "ஐயா சொல்றது நியாயம்தானே" என்றார்கள். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டீ ஆறிப்போயிருக்கும் என்று நினைத்து மனசை ஆற்றிக்கொண்டேன்.

இவ்வளவோடு போயிருந்தால் நான் கடிதம் எழுத வைத்திருக்க மாட்டேன். விஷயம் வேறு. இதை எழுதிக்கொண்டிருப்பவளைப் பற்றி. "என்னைப் பத்தி வேணாம் மாமா" என்கிறாள். எழுதும்மா, நான் சொல்கிறேன். உங்களுக்குத் தங்கச்சி முறை, மாப்பிள்ளை. பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மடிப்பு மேஜையில் நிற்கிறாள். ஒரு போர்வையை விரித்தால் அது எந்த வார்டில் இருந்து வந்தது, என்ன கறை, எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். அந்தக் கூடத்து மேற்பார்வையம்மா ரிட்டையர் ஆகிறார்கள். போகும்போது, "இந்த இடத்துக்கு இவதான்" என்று இவள் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது பேர் இவள் சொல்கேட்டு வேலை செய்வார்கள். ஆனால் மேற்பார்வை என்றால் மற்றவர்கள் போனபின் கூடத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். இப்போது வருகிற ஏழே முக்கால் பஸ்ஸில் வர முடியாது, எட்டரை பஸ்தான். சரி சொல்கிறாளா இல்லையா என்பதை வருகிற சனிக்கிழமைக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். லாரியில் போயிருக்கிற என் மகன் போன் போட்டு, "தெருவுல விளக்கு இருந்தா எடுத்துக்க, இல்லன்னா வேணாம், நான் ஊர்ல இல்லாதப்ப நீ இருட்டுல நடந்து வர்றதை நெனச்சுக்கிட்டு நான் எப்படி வண்டி ஓட்டுறது?" என்கிறான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

நான் தினமும் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க் கூட்டி வருகிறேன். முட்டி வலியோடு ஆறு கம்ப தூரம் போக, ஆறு கம்ப தூரம் வர. போன வியாழக்கிழமை பஸ் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அவள் இறங்கித் தனியாக நடக்கிறாள். நான் எதிரே போகிறேன். யாரோ வருகிற சத்தம் கேட்டு, அவளாகத்தான் இருக்கும் என்று, கூப்பிடாமல் கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். அவ்வளவுதான் தெரியும். சாப்பாட்டு டப்பா, மூன்றடுக்கு, எவர்சில்வர், என் உச்சந்தலையில் இறங்கியது. காலியாக இருந்ததால் பிழைத்தேன். "அம்மா, நான்தான்!" என்று கத்தினேன். "நான்தான்னா யாருடா?" என்று இரண்டாவது தடவை ஓங்கினாள். இந்தத் தெருவில் இப்போது நான்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்புறம் குரல் தெரிந்து, "ஐயோ மாமா" என்று டப்பாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உருண்டு போன அடுக்கைத் தடவித் தடவித் தேடினோம். தேடுகிற சத்தத்திலேயே அவள் சிரிப்பு நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. "மாமா, நான் அந்த வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். இருட்டில் முகம் தெரியவில்லை. அது ஒரு வகையில் நல்லதுதான். என் முகமும் அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை, உங்கள் ஆபீஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கட்டும். என் மருமகளின் பன்னிரண்டு வருஷத்தைப் பிடுங்கியா மிச்சம் பிடிக்க வேண்டும்? அதை நாய்க்கா போடுவது?

ஆகவே இந்தப் புகார். இன்று அவளுக்கு வார விடுமுறை. பகல் வெளிச்சத்திலேயே எழுதி முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டோம். நம்பர் இல்லாமல் வாங்க மாட்டார்களே என்று இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தி, "போய் நம்ம வாசக் கம்பத்துத் தகட்டைப் பாத்துட்டு வாம்மா, எப்படியும் ஆறுன்னுதான் இருக்கும், பஸ் ஸ்டாப்புல இருந்து ஆறாவது" என்றேன். தகடு இரண்டு ஆள் உயரத்தில், துருவேறி இருக்கிறது. அவள் மதில்மேல் ஏறி நிற்க, தையல்காரம்மா காலைப் பிடித்துக்கொள்ள, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். "மாமா, இருபத்திமூணு." "சரியாப் பாரும்மா." "இருபத்திமூணுதான் மாமா, ரெண்டும் மூணும்." தையல்காரம்மாவும் இருபத்திமூன்று என்றார். பஸ் ஸ்டாப் பக்கமாக அடுத்த கம்பம் இருபத்திநாலு. அதற்கடுத்தது இருபத்தைந்து. இரண்டு பேரும் நடந்தே பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே இருப்பது இருபத்தெட்டு. விளங்குகிறதா, மாப்பிள்ளை? எங்களுக்கு விளங்கிவிட்டது. காகிதத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. கம்பத்தில் ஒன்றாம் நம்பர் ஆலை வாசலில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் தகட்டைப் பார்த்துப் பதினைந்திலிருந்து இருபத்தெட்டு வரைக்கும் பிடுங்கியிருக்கிறார்கள். அது நாங்கள் இருக்கிற பக்கம். நாய்கள் இருக்கிற பக்கம் ஒன்று முதல் பதினாலு. இத்தனை வருஷமும் ஒரே சுவிட்சில் மொத்தமும் எரிந்து மொத்தமும் அணைந்ததால் எந்த நம்பர் எங்கே என்று ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், எந்த மடையன் இந்தத் தகட்டைத் தலைகீழாக அடித்தது? தலையில் மூளை இருக்கிறவன் செய்கிற வேலையா இது? மேஸ்திரியாக இருக்காது, அவர் கண்ணில் கோணல் தெரிந்தாலே சோறு இறங்காது. நெட்டையனாக இருக்கலாம், கட்டைவிரல் வலியில் இருந்தான். பாட்டுக்காரனாக இருந்தாலும் இருக்கும். பாட்டு ஞாபகத்தில் எதையும் செய்வான், ஒரு தடவை டீயில் சுண்ணாம்பைக் கலக்கிவிட்டான். இல்லை, எங்களுக்கு அப்புறம் உங்கள் ஆபீசில் எவனாவது வந்து கழற்றி மாற்றியிருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கும். யாராக இருந்தாலும் விடக்கூடாது. அந்த ஆள் உயிரோடு இருந்தால் கண்டுபிடித்து, சபைத் தலைவியம்மா முன்னால், எங்கள் தெரு முழுக்க உட்கார்ந்திருக்க, நடுவில் நிற்கவைத்து, "நான் செய்தது தப்பு" என்று வாயால் சொல்ல வைக்க வேண்டும். கிழவன், வயசானவன் என்று தாட்சண்யம் பார்க்காதீர்கள். இருட்டுக்குத் தாட்சண்யம் உண்டா? தலைமையாசிரியர் நெற்றிக்குத் தாட்சண்யம் உண்டா? சனிக்கிழமைக்குள் எங்கள் பக்கத்து ஃப்யூஸ் பதினாலும் திரும்பப் போடப்பட வேண்டும். இல்லையென்றால் மாப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டேன், அடுத்த கூட்டத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் பேரைச் சொல்லியே பேசுவேன்.

கோபத்தில் ஒரு வார்த்தை முன்னே பின்னே வந்திருந்தால் மனசில் வைக்க வேண்டாம். என் மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். பெரியவனுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா, சின்னவளுக்கு இருமல் நின்றதா என்று உங்கள் மாமியார் கேட்கச் சொன்னாள். உங்கள் உத்தியோகம் மேலே மேலே உயர வேண்டும், பிள்ளைகள் போகிற வழியெல்லாம் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன். கைநாட்டுக் கீழே.

பின்குறிப்பு: கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது மருமகள், "மாமா, நட்டது நீங்க நாலு பேர்தானே, கடைசி நாள் என்ன நடந்துச்சு, அதையும் எழுதிட்டா நல்லா இருக்குமே" என்றாள். சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூட ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும் என்பதுதான் என் பெருமை. அதனால் இதுவும் ஞாபகம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பிலிருந்து நட்டுக்கொண்டே போய், இருபத்தெட்டாவது கம்பத்தை ஆலை வாசலில் முடித்த அன்று மத்தியானம்தான் நம்பர்த் தகடு வந்து சேர்ந்தது. வரிசைப்படி ஒரு கம்பியில் கோத்து, ஒன்றாம் நம்பர் மேலே இருக்கிறமாதிரி மேஸ்திரி கொடுத்தார். "ஒண்ணுலேருந்து வரிசையா அடிச்சுட்டு வந்துரு" என்றுவிட்டுச் சம்பளச் சீட்டு வாங்கப் போய்விட்டார். ஏணி ஆலை வாசலில் கிடந்தது. வீடு பஸ் ஸ்டாப் பக்கம். அவ்வளவு பெரிய ஏணியைச் சும்மா முதலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து அடித்துக்கொண்டே மறுபடியும் ஆலைக்கு வந்து, அப்புறம் வீட்டுக்குப் போக எந்த வேலைக்காரன் சம்மதிப்பான்? போகும்போது நட்டோம், வரும்போது அடித்தோம். நெட்டையன் விரல் கட்டோடு ஏணியைப் பிடித்தான். பாட்டுக்காரன் ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு பாடினான். நாலு பேரில் எடை குறைந்தவன்தான் ஏணியில் ஏறுவது வழக்கம். மேலே இருந்த தகட்டை எடுத்தான், அடித்தான், அடுத்ததை எடுத்தான், அடித்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு தகடு கோணவில்லை, அதுமட்டும் உறுதி.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வேறு எழுது என்றேன். "இன்னொரு தடவை எழுத முடியாது மாமா, கை வலிக்குது. அப்படியே போகட்டும்" என்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறாள். எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். சரி, போகட்டும். அந்த மடையன் என்கிற இடம் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். கிளார்க் தம்பியிடம் சொல்லுங்கள், அவர் கேட்ட ஆளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டி வருகிறேன். தகடு தலைகீழ் என்று எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கைநாட்டு வைப்பான். நிற்கவைத்துக் கேட்பதாக எழுதியிருந்தேன், ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள், முட்டி வலி. தெரு முழுக்க உட்கார வேண்டியதில்லை. தலைமையாசிரியருக்கு மட்டும் சொல்லி அனுப்புங்கள், குற்றம் கம்பத்துடையது அல்ல, இருட்டினுடையதும் அல்ல என்று அவர் காதால் கேட்கட்டும். மருமகள் சனிக்கிழமை கொடுக்க வேண்டிய காகிதத்தில் சரி என்று எழுதி, மடித்து, என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். ஃப்யூஸைப் போட்டால் கொடுப்பாள். வேறு யாரைக் கேட்டு உறுதி செய்வது என்று ஆபீசில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: மேஸ்திரி, ஆலை மூடிய வருஷம் போய்விட்டார். நெட்டையன் அவன் பேத்தி பிறந்த வாரம் போய்விட்டான். பாட்டுக்காரன் போன மழைக்காலத்தில், பாதிப் பாட்டில் போனான். அன்று அந்தத் தெருவில் நின்ற நாலு பேரில் இன்றைக்கு உயிரோடு மிச்சம் இருப்பது ஒருத்தன், ஏணிமேல் நின்றவன், உங்கள் மாமனார்.